கடைசிக் குழாய் வரை வரவேண்டிய வாசனை

எங்கள் சொந்தங்களுக்கும், மூலக்குளத்துத் தெருக்காரர்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கும் முதலில் என் வணக்கம்.

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் சுமதி சொன்னபோது, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளம்மா என்று தட்டிக் கழித்தேன். "அப்பாவோட சின்ன வயசுலேர்ந்து கூடவே இருந்தது நீங்க ஒருத்தர்தான் சித்தப்பா. வேற யார எழுதச் சொல்றது?" என்று கேட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தையல்காரன். துணியைத் தப்பாக வெட்டிவிட்டால் ஒட்டுப் போட்டுச் சரிக்கட்டலாம், அச்சில் ஏறினதை என்ன செய்வது என்ற பயத்திலேயே நான்கு தடவை எழுதி நான்கையும் கிழித்தேன். இது ஐந்தாவது. யார் பெயராவது, யார் செய்த உதவியாவது விட்டுப்போயிருந்தால் அது மறதியே தவிர வேறில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முன்பக்கத்துப் படத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்த சிலர், "இன்னாப்பா, அண்ணன் கையில சிகரெட்டு இருக்குதே, வேற படம் கிடைக்கலயா?" என்று கேட்டார்கள். அது சிகரெட் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல். குழாய்த் தண்ணீரை அதில் கொஞ்சம் பிடித்து, சின்னப் பாட்டிலிலிருந்து சில சொட்டு மருந்து விட்டால், தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். இல்லாவிட்டால் நிறம் மாறாது. பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். அண்ணன் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறபோது எடுத்த படம். அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கை எப்போதும் அப்படித்தான் ஞாபகம் இருக்கும் என்பதால் அதையே போடச் சொன்னேன்.

அண்ணன் பிறந்தது கோவிந்தசாலையில், கழிவுநீர் வாய்க்காலை ஒட்டின ஓட்டு வீட்டில். அப்பா மில் தொழிலாளி. அம்மா வீட்டிலிருந்தார். நாங்கள் மூன்று பேர். அண்ணன் மூத்தவர், நான் அடுத்தவன், கடைசியாக ஒரு தங்கை. அந்த நாளில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் மேலே ஏறி வராது. அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி வைத்திருந்தோம். குழிக்குள் இறங்கிக் குந்திக்கொண்டு குடம் பிடிக்க வேண்டும். எங்கள் குழியை அப்பாதான் தோண்டினார். மழை வந்தால் வாய்க்கால் பொங்கிக் குழி நிரம்பிவிடும். தண்ணீர் நின்றுபோன நேரத்தில் குழாய் அந்தக் குழித்தண்ணீரையே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? காலையில் முதல் இரண்டு குடத்தைக் கீழே கொட்டுவோம். தெளிந்ததும் பிடிப்போம். தெளிந்துவிட்டால் அது நல்ல தண்ணீர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு மழைக்காலத்தில் தங்கைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. அவளுக்கு ஐந்து வயது. அண்ணனுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. "தண்ணி குடுக்காதீங்க. குடுக்கக் குடுக்க வெளியதான் போவும். வயிறு காயட்டும்" என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். அம்மாவும் நம்பினார். இன்றைக்கு எந்த நர்ஸைக் கேட்டாலும், சுத்தமான தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து விடாமல் கொடு என்பார். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு அது தெரியவில்லை. அம்மா என்னைத் தங்கையின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "யாரும் தண்ணி குடுக்காம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் துணி அலசக் கொல்லைக்குப் போனார்.

தங்கை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் அழுது கேட்டாள். அப்புறம் அழ ஈரம் இல்லாமல் கேட்டாள். அண்ணன் ஒரு டம்ளரைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். வரும்போதே பாதி சிந்தி அவர் வயிறெல்லாம் நனைந்திருந்தது. நான் கத்தினேன்.

"அம்மா, அண்ணன் தண்ணி குடுக்குது!"

அம்மா ஓடிவந்து டம்ளரைத் தட்டிவிட்டார். மறுநாள் மத்தியானம் தங்கை போய்விட்டாள்.

அந்த அரை டம்ளர் அவளைக் காப்பாற்றியிருக்குமா, எனக்குத் தெரியாது. அதுவும் அந்தக் குழித்தண்ணீர்தான். ஆனால் அதற்கப்புறம் என் வாழ்க்கை முழுவதும், கேஸை மூடினேனா, கதவைச் சாத்தினேனா, ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டேனா என்று ஒன்றுக்கு மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறவனாகவே ஆகிப்போனேன். அண்ணன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்பாவின் மில் நின்றுபோனதும் நான் படிப்பை விட்டுத் தையல் கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா போட உட்கார்ந்தேன். அண்ணன் பத்தாவது முடித்து, தண்ணீர்த் தொட்டியில் தினக்கூலியாக வால்வு திறக்கப் போனார். பல வருஷம் கழித்து வேலை நிரந்தரமாகி ஆபரேட்டர் ஆனார். மோட்டார் போடுவது, தொட்டி ஏற்றுவது, தண்ணீரில் மருந்து சேர்ப்பது, வேளைக்கு வால்வு திறப்பது, இவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் அவர் அதோடு நிற்க மாட்டார். வால்வைத் திறந்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்த லைனில் கடைசித் தெருவுக்கு, அதிலும் கடைசி வீட்டுக்குப் போவார். அங்கே குழாயைத் திறந்து கண்ணாடிக் குழலில் பிடித்துப் பார்ப்பார்.

"தொட்டிக்குப் பக்கத்து வீட்டுல மஞ்சள் வர்றது பெரிய விஷயமாடா? போற வழியெல்லாம் அழுக்கத் தின்னுட்டு, கடைசிக் குழாயிலயும் கொஞ்சம் மிச்சம் இருக்கணும். அதுதான் காவல்" என்பார்.

காலங்கார்த்தாலே யார் வீட்டுக் கதவையாவது தட்டிக் குழாயைத் திறக்கிற மனிதரை யாருக்குப் பிடிக்கும்? "பிளீச்சிங் வந்துட்டாரு பாரு" என்பார்கள். "உங்க தண்ணியில காப்பி போட்டா ஆஸ்பத்திரியில உக்காந்து குடிக்கிற மாதிரி இருக்குதுங்க" என்று ஒரு அம்மாள் சொல்லியிருக்கிறார். அதற்கு அண்ணன், "ஆஸ்பத்திரிக்குப் போவாம வூட்டுலயே குடிக்கிறீங்க இல்ல, அதுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பெண் பார்க்க வில்லியனூர்ப் பக்கம் போனோம். நான்தான் அவருக்குப் புதுச் சட்டை தைத்திருந்தேன். உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து குழலை எடுத்துக் கொஞ்சம் ஊற்றிச் சொட்டு விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. நிறம் மாறவில்லை. அண்ணியின் அப்பா, "மாப்பிள்ளைக்கு வயித்துல எதுனா கோளாறுங்களா?" என்று கேட்டார்.

"வயித்துல இல்லீங்க. தண்ணியிலதான் காவல் இல்ல. காய்ச்சிக் குடிங்க."

"இன்னாடி இது, பொண்ணப் பாக்க வந்தாரா, தண்ணியப் பாக்க வந்தாரா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி கேட்க, உள்ளே யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். சிரித்தது அண்ணி. அந்தச் சிரிப்பில்தான் சம்பந்தம் முடிந்தது. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டில் சிரிப்பு என்று இருந்ததெல்லாம் அண்ணி கொண்டுவந்ததுதான்.

மூலக்குளத்தில் மனை வாங்கியபோது, எல்லோரும் மெயின்ரோட்டுக்குப் பக்கத்தில் பார்த்தார்கள். அண்ணன் தெருக்கோடியைக் கேட்டு வாங்கினார். அவர் வேலை பார்த்த தொட்டியின் லைன் அங்கேதான் முடிகிறது. கடைசிக் குழாய் எங்கள் வாசல் குழாய். "ஊருக்கே தண்ணி வுடற மனுசன், நம்ம வூட்டுல மட்டும் நூலு மாதிரி வருது" என்று அண்ணி குறைபட்டுக்கொண்டே குடத்தை வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். தன் வீட்டுக் குழாயே கடைசியாக இருந்தால் ஒருநாள்கூட ஏமாற முடியாது என்பது அண்ணனின் கணக்கு. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அமைந்ததையும் நான் யோசித்து யோசித்தே விட்டேன். அந்த வீட்டின் முன்னறையில் மிஷினைப் போட்டுக்கொண்டு அண்ணன் நிழலிலேயே இருந்துவிட்டேன்.

அண்ணன் ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம் அண்ணி மாரடைப்பில் போனார். சுமதி திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு கிழவர்கள். பக்கத்து வீட்டில் மும்தாஜ் தங்கச்சி. அவர் வீட்டுக்காரர் டவுனில் செருப்புக் கடை வைத்திருக்கிறார், மூன்று தலைமுறையாக அதே தொழில். நோன்புக்குக் கஞ்சியும், பெருநாளைக்குப் பிரியாணியும் எங்களுக்கு அந்த வீட்டிலிருந்துதான்.

"எங்க பிரியாணிகூட உங்க பிளீச்சிங் வாசனதான் அடிக்குது அண்ணே" என்பார் மும்தாஜ்.

"அடிக்கட்டும் தங்கச்சி. சாப்ட்ட யாருக்காவது வயிறு கெட்டுச்சா?"

"உங்க கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா!"

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். தெருவில் எல்லோரும் கேன் தண்ணீருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கடல் தண்ணீர் நிலத்துக்குள் ஏறுகிறது, உப்பு கூடுகிறது, குழாய்த் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் போய்விடும் என்று தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கம் போய்விட்டது. அண்ணனுக்கு ஏற்கெனவே சர்க்கரை. அவருக்குத் தெரியாமல் ஒரு கேன் வாங்கி, தையல் மிஷினுக்கு அடியில் திரைச்சீலைத் துணியைப் போட்டு மூடி வைத்தேன். அவருடைய பாட்டிலிலும் அதையே ஊற்றி வைத்தேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு வாய் குடித்தவர் நிறுத்திவிட்டார்.

"தண்ணியில வாசன இல்லியே. எங்கடா புடிச்ச?"

என் கண் மிஷின் பக்கம் போய்விட்டது. அவர் நேராக மிஷினுக்கு அடியில் குனிந்து துணியை விலக்கினார். கண்ணாடிக் குழலில் பிடித்துச் சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை.

"ரொப்புனப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்டா. அப்புறம் எந்த வெயில்ல கெடந்துச்சோ, மூடிய எந்தக் கையால தொறந்தாங்களோ. இதுல காவல் இல்ல."

"உப்பு கம்மியா இருக்கும்னு சொன்னாங்கண்ணே."

"இருக்கலாம். உப்பப் பத்தி நான் சொல்லல. உப்பு காய்ச்சுனாகூடப் போவாது. நான் சொல்றது வயித்தால போற விஷயம்" என்றார். பிறகு, சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கோ. மருந்து வாசன இருந்தா அப்படியே குடி. வாசன இல்லன்னா கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடி. யாரு குடுத்தாலும், எவ்ளோ ஒசந்த தண்ணியா இருந்தாலும்."

கேனைத் தூக்கிப் போடவில்லை. "வாங்கிட்ட, வீணாக்காத" என்று முழுவதையும் என்னைக் காய்ச்ச வைத்து இருவரும் குடித்தோம்.

அண்ணியின் தமையனார், நாங்கள் விழுப்புரத்து மாமா என்று கூப்பிடுகிறவர், காசிக்குப் போய் வந்தபோது மூடி பற்றவைத்த ஒரு செப்புச் சொம்பில் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணியின் படத்துக்குக் கீழே அதை வைத்தோம். அன்றைக்குச் சொந்தங்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அண்ணன் சொம்பைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கடைசியில ஊத்தறதா இருந்தா, இதையும் கொதிக்க வெச்சுத்தான் ஊத்தணும், சொல்லிட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. மனதில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சர்க்கரையே கடைசியில் அவர் சிறுநீரகங்களைக் கெடுத்தது. கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பில் தேங்கினால் மூச்சு முட்டும், ஆகையால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது, காப்பி, ரசம், மோர் எல்லாம் அதில் அடக்கம் என்றார் டாக்டர். ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவருக்கு முக்கால் லிட்டர். அதை அளந்து கொடுக்க வேண்டியவன் நான்.

தினமும் காலையில் ஒரு பாட்டிலில் கோடு போட்டு ஊற்றி வைப்பேன். வெயில் நாளில் மத்தியானத்துக்குள் அது தீர்ந்துவிடும். அப்புறம் அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருப்பார். வாசலில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று குழாய் வாயில் துணி கட்டினேன்.

"வாய் மட்டும் கொப்பளிச்சுத் துப்பிடறேன்டா. ஒரு வாய் குடு" என்று கேட்பார். கொடுப்பேன். கொடுத்துவிட்டு, முழுங்குகிறாரா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். துப்பவில்லை. நான், "அண்ணே, வேணாம்ண்ணே" என்றேன். அவர் கிண்ணத்தில் துப்பிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா, அம்மாவக் கூப்புடப் போறியா?"

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. இத்தனை வருஷமும் அவரும் அதை மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, "போடா, உன்னச் சொல்லல. உனக்கு அப்ப எட்டு வயசு" என்றார்.

கடைசியில் டயாலிசிஸ் ஊசிக்கு ரத்தக் குழாய் ஒத்துழைக்கவில்லை, இருதயமும் தளர்ந்துவிட்டது. "இனிமே ஊசியெல்லாம் வேணாம், வூட்டுக்குப் போவலாம்" என்று அவரே சொன்னார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இனி அவர் கேட்பதைக் கொடுங்கள், அளவு பார்க்க வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே மூச்சு மாறிவிட்டது. விழுப்புரத்து மாமா வந்திருந்தார். மும்தாஜ் தங்கச்சி தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். சுமதி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அண்ணன் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார்.

"கங்கைய எடுத்தாப்பா. நேரம் வந்துடுச்சு" என்றார் மாமா.

நான் ஓடினேன். சொம்பின் மூடி வரவில்லை. துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் நெம்பித் திறந்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மோந்து பார்த்தேன். செம்பு வாசனை தவிர ஒன்றும் இல்லை. வாசனை இல்லாவிட்டால் கொதிக்க வை. எவ்வளவு உயர்ந்த தண்ணீராக இருந்தாலும். பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். தங்கைக்கு ஒரு தடவை தப்புச் செய்துவிட்டேன், இந்தத் தடவை சரியாகச் செய்யவேண்டும் என்றுதான் என் மனதில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை. பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன்.

அடுப்புக்கு முன்னால் நின்று குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொதித்தது. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று விட்டேன். இறக்கியபோதுதான், கொதிக்கிற தண்ணீரை எப்படி வாயில் ஊற்றுவது என்று உறைத்தது. பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் வைத்து, சுற்றிலும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதுவும் வாசல் லைன்தான், வால்வு திறந்திருக்கிற நேரம். அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது. அந்தத் தண்ணீரிலிருந்து மருந்து வாசனை என் மூக்கில் அடித்தது. அடித்தும் எனக்குப் புத்தி வரவில்லை. குடிக்கக்கூடிய தண்ணீர் என் கைமேல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை வைத்துப் பாத்திரத்தை ஆற வைத்துக்கொண்டிருந்தேன்.

விரலை விட்டுப் பார்த்து, சூடு தணிந்ததும் கரண்டியோடு ஓடிவந்தேன். மாமா தலையை ஆட்டினார். முடிந்துவிட்டது.

எல்லோர் முன்னாலும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். "திரும்பவும் தண்ணி குடுக்காம சாவடிச்சுட்டேனே" என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. மும்தாஜ் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, குடிச்சாரு அண்ணே. நான் குடுத்தேன்."

அப்புறம் அவர் சொல்லித்தான் தெரியும். நான் வரத் தாமதமானதும், அவர் வாசலுக்குப் போய்க் குழாய்த் துணியை அவிழ்த்து ஒரு டம்ளர் பிடித்து வந்திருக்கிறார். தலையைத் தூக்கி ஒரு ஸ்பூன் ஊற்றியிருக்கிறார். அண்ணன் முழுங்கியிருக்கிறார். இரண்டாவது ஸ்பூனுக்கு அண்ணன் கையை லேசாகத் தூக்கித் தடுத்து, "எந்தக் கொழா?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க வாசக் கொழாதான் அண்ணே."

"வாசன வருது" என்றாராம். "சரி."

அப்புறம் அந்த டம்ளரில் பாதிக்கு மேல் குடித்திருக்கிறார். யாரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

மும்தாஜ் தங்கச்சிக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது? வேறு சாதி, வேறு சாமி என்று நம் வீட்டில் சிலர் பின்னால் பேசினது என் காதிலும் விழுந்தது. அவர்களுக்கு இந்த மலர் வழியாகச் சொல்கிறேன். எங்கள் அண்ணன் கடைசியாகக் குடித்தது அவர் வாழ்நாளெல்லாம் காவல் காத்த தண்ணீர். அதைக் கொடுக்க, கூடப் பிறந்த எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

டயாலிசிஸ் வார்டில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், வாரம் இரண்டு முறை தூக்கி ஏற்றி இறக்கின ஆட்டோக்காரத் தம்பிக்கும், காரியங்களை முன்னின்று நடத்தின விழுப்புரத்து மாமாவுக்கும், பந்தல் போட்ட நாள் முழுவதும் தெருவை விட்டுக்கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இப்போது தொட்டியில் வேலை பார்க்கிற ஆபரேட்டர் தம்பிக்கும் நன்றி. தினமும் காலையில் அண்ணனின் கண்ணாடிக் குழலை எடுத்துக்கொண்டு நான் எங்கள் வாசல் குழாயில் பிடித்துப் பார்க்கிறேன். சொட்டு மருந்து தீர்ந்தால் சுமதி வாங்கி அனுப்புகிறாள். போன வாரம் இரண்டு நாள் மஞ்சள் வெளுத்திருந்தது. தம்பியிடம் போய்ச் சொன்னேன். "உங்க அண்ணன் போயும் எங்கள வுடமாட்டாரு போலிருக்கே" என்று சிரித்துவிட்டு, அன்றைக்கே சரி செய்தார்.

கொதிக்க வைத்த அந்தக் கங்கைத் தண்ணீர் அதே சொம்பில், அண்ணன் அண்ணி படங்களுக்குக் கீழே இருக்கிறது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பெரியவர்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன்.

ஆண்டு நினைவன்று எல்லோரும் வந்திருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். அன்றைக்குப் பந்தியில் கேன் தண்ணீர் இருக்காது. எங்கள் வாசல் குழாயில் பிடித்த தண்ணீர்தான். மருந்து வாசனை அடிக்கும். காலையில் நானே சொட்டு விட்டு மஞ்சள் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன், பொறுத்துக்கொண்டு குடியுங்கள். வாசனை பிடிக்காதவர்களுக்கும், என்னைப்போல் பயப்படுகிறவர்களுக்கும் கொதிக்க வைத்த தண்ணீர் தனியாக ஒரு அண்டாவில் மூடி இருக்கும். சூடாக இருக்குமோ என்று யாரும் காத்துக்கொண்டு நிற்க வேண்டாம். முதல் நாளே காய்ச்சி ஆற வைத்துவிடுவேன்.